அத்தினி மோளத்துக்கும் தோலு உரிச்சது யாரு?

எங்க தாத்தா சினிமாவுக்கு மோளம் அடித்தவர். சினிமா விளம்பரத்துக்கு.

தென்னாற்காடு மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு இரண்டு கல் தூரத்தில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. படம் மாற்றும்போதெல்லாம் ஒரு மாட்டு வண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, போஸ்டர் ஒட்டி, சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். வண்டிக்கு முன்னால் இரண்டு பேர் பறையடித்துக்கொண்டே நடப்பார்கள். சத்தம் கேட்டு பிள்ளைகள் ஓடிவரும். வண்டியில் உட்கார்ந்திருக்கிறவன் கலர் நோட்டீசை வீசுவான். அதைப் பொறுக்கப் புழுதியில் விழுந்து புரளுவோம். அந்த இரண்டு பேரில் ஒருவர் எங்க தாத்தா. நாள் முழுக்க நடந்து அடித்தால் எட்டணா காசும் ராத்திரி ஒரு தரை டிக்கெட்டும். சாவுக்கு அடிக்கிறதைவிட இது மேல் என்பார். "இங்க யாரும் குடிச்சிட்டு வந்து உழுந்து அழுவமாட்டான், அடிச்ச கைக்கு ஒரு படமும் பாத்துர்லாம்."

அப்படி வந்த படங்களில் ஒன்று சந்திரலேகா. 1948இல் வெளியான படம். தேய்ந்து போன பிரதி எங்கள் கொட்டகைக்கு வந்து சேர நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். தாத்தா மூன்று நாள் ஊர் ஊராக அடித்து முடித்துவிட்டு நாலாம் நாள் ராத்திரி மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தார். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் அந்தப் படத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஒவ்வொரு மோளமும் நம்ம ஊடு தண்டி இருக்குதுடா. மேல பொண்ணுங்க ஏறி நின்னு ஆடுதுங்க. கொட்டாயே வாயப் பொளந்துக்கிட்டு பாக்குது. நானுந்தான் பாத்தேன். ஆனா எனக்கு ஒரே ரோசனை. அத்தினி மோளத்துக்கும் தோலு உரிச்சது யாரு?"

கேட்டவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பட்டணத்துக்குப் படிக்கப் போய்த் திரும்பிய காலத்தில், "அது தோலில்ல தாத்தா, செட்டு. பலகையும் துணியும் வெச்சுப் பண்றது" என்று விளக்கம் வேறு சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. அது செட்டு என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பறை செய்கிற கை அது. கேள்வி தோலைப் பற்றியது இல்லை என்பது எனக்கு உறைக்க முப்பது வருஷம் ஆனது.

2

சந்திரலேகாவை நான் முழுசாகப் பார்த்தது சென்னையில் வேலைக்கு வந்த பிறகு, ஒரு திரைப்படச் சங்கத்தில். பிறகு பல தடவை பார்த்திருக்கிறேன். அந்த முரசு நடனம் வரும்போது இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அதை ஒத்துக்கொண்டுதான் மேலே எழுத வேண்டும். அரண்மனைக்கு முன்னால் வரிசை வரிசையாக ராட்சச முரசுகள். மேலே நூற்றுக்கணக்கான கால்கள் ஒரே தாளத்தில் இறங்குகின்றன. கேமரா தூரத்தில் நின்று பார்க்கும்போது மனுசர்கள் கோலத்தில் வைத்த புள்ளிகள் மாதிரி இருக்கிறார்கள்.

ஜெமினி ஸ்டூடியோ எஸ்.எஸ். வாசன் எடுத்த படம். இதில் முதலில் வந்தது கதை இல்லை, பெயர்தான் என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1943இல் வந்த மங்கம்மா சபதம் பெரிய வெற்றி பெற்றதும் வாசன் 'சந்திரலேகா' என்ற பெயரை விளம்பரம் செய்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கொத்தமங்கலம் சுப்புவும் கதை இலாகாவில் இருந்த மற்றவர்களும் உட்கார்ந்து கதை தேடினார்கள். இங்கிலாந்தில் ரெய்னால்ட்ஸ் என்பவர் எழுதிய பழைய நாவல் ஒன்றிலிருந்து ஒரு பொறி கிடைத்தது. டி.ஜி. ராகவாச்சாரி இயக்கத் தொடங்கினார். நடுவில் அவர் விலக, வாசனே இயக்குநரானார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டு 1947இல் விடுதலையான என்.எஸ். கிருஷ்ணனுக்கும் டி.ஏ. மதுரத்துக்கும் படத்தில் இடம் உண்டாக்கினார்கள். நிஜ சர்க்கஸ் கம்பெனிகளை வரவழைத்து சர்க்கஸ் சேர்த்தார்கள். செலவு 30 லட்சம் ரூபாய் என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்து 30 லட்சம். அதே 1948இல் இந்தியிலும் வெளியிட்டு, சென்னையில் எடுத்த படம் வடநாட்டிலும் ஓடும் என்று வாசன் காட்டினார். உதயசங்கர் தன் 'கல்பனா' நடனப் படத்தை எடுத்ததும் இதே ஜெமினியில்தான். அதுவும் 1948இல்தான் வந்தது. அந்த நாட்டியக் காற்று முரசு நடனத்திலும் வீசியிருக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, கதை என்ன? யாரையாவது கேட்டுப்பாருங்கள். "முரசு மேல ஆடுவாங்களே, அந்தப் படமா" என்பார்கள். இரண்டு இளவரசர்கள். எம்.கே. ராதா நல்லவர், ரஞ்சன் கெட்டவர். டி.ஆர். ராஜகுமாரி நடித்த சந்திரலேகா ஒரு கிராமத்து ஆட்டக்காரி. அப்பன் செத்து அநாதையாகிறாள். பாட்டுக்கார நாடோடிகளோடு சேர்கிறாள். கொள்ளைக் கும்பல் மறிக்கிறது. கெட்ட இளவரசன் சாட்டையால் அடித்து அவளை ஆட வைக்கிறான். தப்பித்து சர்க்கஸில் சேர்கிறாள். கடைசியில் பிடிபட்டு, கல்யாணத்துக்குச் சம்மதிப்பது போல நடித்து, ஒரே நிபந்தனை போடுகிறாள்: கல்யாணத்தில் முரசு நடனம் வேண்டும். ஆட்டம் முடிகிற நேரத்தில் முரசுகளுக்குள்ளிருந்து நல்ல இளவரசனின் வீரர்கள் கத்தியோடு குதித்து வருகிறார்கள்.

ஒரு ஆட்டக்காரியின் பாடு என்று எடுத்துச் சொன்னால் இது பெரிய கதை. ஆதரவு இல்லாத பெண், சாட்டைக்குப் பயந்து ஆடுகிறாள். அதே ஆட்டத்தைக் கடைசியில் ஆயுதமாக்குகிறாள். ஆனால் படம் முடிந்து எழுந்து வரும்போது அவள் பட்ட அடி யாருக்கும் ஞாபகம் இல்லை. முரசுதான் ஞாபகம் இருக்கிறது. அவள் எந்த ஊர், எந்தத் தெரு, அவளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தது யார் என்று படமும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய முரசின் உள்ளே ஆள் இருக்கிறான் என்று கதை கட்டியவர்களுக்கு, அந்த முரசைக் கட்டியவன் ஒருத்தன் இருப்பான் என்று மட்டும் தோன்றவில்லை. தாத்தா கேட்டது இதைத்தான்.

3

இது ஒரு படத்தோடு நின்ற சங்கதி இல்லை. தமிழ் பேசிய முதல் படம் காளிதாஸ் என்கிறோம். 1931 அக்டோபர் 31இல் சென்னையில் வெளியானது. டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. அந்தப் படத்தோடு சேர்த்து ஒரு குறத்தி நடனமும் காட்டினார்கள். காளிதாசன் கதைக்கும் குறத்திக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் கிடையாது. ஜனங்கள் பார்ப்பார்கள், காட்டினார்கள். ஆக, வாய் திறந்த நாளிலிருந்தே தமிழ் சினிமா நம் ஆட்களின் ஆட்டத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறது. நம் ஆட்களுக்குக் கதையில் இடம் கொடுத்ததா என்பதுதான் கேள்வி. குறத்தி வருவாள், ஆடுவாள், போவாள். அவள் ராத்திரி எங்கே படுப்பாள் என்று எந்தப் படமும் காட்டாது.

அதே காலத்தில் வேறொரு ஆட்டத்துக்கு வேறொன்று நடந்தது. கோயிலிலும் கச்சேரியிலும் இசை வேளாளர் வீட்டுப் பெண்கள் ஆடிவந்த சதிர், 1930களில் பரதநாட்டியம் என்று பெயர் மாறியது. 1935இல் ருக்மிணி தேவி மேடையேறினார். மறு வருஷம் கலாக்ஷேத்ரா வந்தது. 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் பாடுபட்டதன் பலன். வேண்டிய சட்டம்தான். ஆனால் ஆட்டம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிபோனது. ஆடியவள் பின்னாலேயே நின்றுவிட்டாள். புது வீட்டில் அந்த ஆட்டத்துக்கு சாஸ்திரம் எழுதினார்கள், சரித்திரம் எழுதினார்கள், சபா கட்டினார்கள். சந்திரலேகாவாக நடித்த ராஜகுமாரியே தஞ்சாவூர்ப் பக்கத்து இசைக் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

பறைக்கு அந்தச் சரித்திரமும் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறையைக் கருப்பொருளாக வைத்திருக்கிறது. பறையைத் தன் பெயராகவே கொண்ட குடியைப் புறநானூறு உயர்த்திப் பேசுகிறது. அந்தப் பெயர்தான் பின்னால் வசவாகி, கடல் கடந்து இங்கிலீஷ் அகராதியிலும் ஒதுக்கப்பட்டவன் என்ற அர்த்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தன் ஆங்கில நூலில் ஒரு விஷயம் சொல்கிறார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரு கலையைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான். அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு இல்லை, காசு. இது பெரிய உண்மை. கோயில் மண்டபத்தில் நடந்த கச்சேரியை எங்க தாத்தா உள்ளே போய்க் கேட்டதில்லை. கொட்டகைக்குள் போனார். ஆனால் எங்கள் கொட்டகைத் தரையில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடும் இருந்தது. திரைக்கு ஒட்டினாற்போல, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிற இடம் எங்க ஜனத்துக்கு. கொஞ்சம் பின்னால் மணல் இழுத்து ஊர்க்காரர்கள் உட்காருவார்கள். அதே தரை டிக்கெட், அதே காசு. யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் தாத்தாவுக்குத் தெரியும், எங்கே உட்கார வேண்டும் என்று. ஊரைக் கூட்டிவந்தது அவர் அடித்த பறை. கூடிய ஊருக்கு முன்னால் போய் அவர் அண்ணாந்து உட்கார்ந்து பார்த்ததுதான் அந்த முரசு நடனம்.

4

பறை எப்படிச் செய்வது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகளிலேயே பலருக்குத் தெரியாது.

வேப்ப மரத்தில் வளைவாக மூன்று சட்டம் செதுக்கி, இரும்புத் தகடு வைத்து இணைத்தால் வட்டம் வரும். செத்த கன்றை உரித்த தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, மயிரும் சதையும் போகச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த நாற்றம் கையில் ஒரு வாரம் இருக்கும். சோற்றைப் பிசைந்தால் சோற்றில் நாறும். எங்க ஆயா தாத்தாவுக்கு உருண்டை பிடித்துக் கையில் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையைச் சட்டத்தில் தடவி, ஈரத்தோலை இழுத்துப் போர்த்தி, வார் கட்டி, காய விட வேண்டும். அடிக்கும் முன்னால் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்ச வேண்டும். சூடு ஏற ஏறத் தோல் இறுகி, விரலால் தட்டினால் 'கண்'ணென்று சொல்லும். அப்போது தாத்தா காதை ஒட்டி வைத்துக் கேட்பார். வலது கைக்குக் குட்டையான அடிக்குச்சி. இடது கைக்கு மெலிந்து நீண்ட சிண்டுக்குச்சி. அடிக்கிறவன் சும்மா நிற்க மாட்டான். காலும் ஆடும், இடுப்பும் ஆடும். நாலு பேர் எதிரும் புதிருமாக நின்று அடித்துக்கொண்டே வட்டம் போடுவதுதான் ஆட்டம்.

எடுக்கும் முன் ஒரு தரம் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கால் பட்டுவிட்டால் தொட்டுக் கும்பிடச் சொல்வார். முரசு மேல் ஏறி நூறு பேர் மிதிக்கிறதைப் பார்த்த மனுசனுக்கு என்ன தோன்றியிருக்கும்? அதை நான் அவரிடம் கேட்கவே இல்லை.

5

கரகாட்டக்காரன் வந்தது 1989இல். கங்கை அமரன் இயக்கம், ராமராஜன், கனகா, இளையராஜா பாட்டு. மதுரையில் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஓடியது. எங்கள் ஊரில் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். கரகம் தலையில் வைத்து ஆடுகிறவன் கதாநாயகன் என்பதே பெரிய சங்கதிதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இளையராஜாவின் தவிலும் நாயனமும் கேட்டு எங்க தெருப் பிள்ளைகள் நடக்கிற நடையே மாறியது.

ஆனால் கதை? இரண்டு ஆட்டக்காரர்கள் காதலிக்கிறார்கள். வீட்டில் பகை. விசாரித்தால் சொந்தம். ஊர்ப் பெரிய மனுசன் வில்லன். தீமிதியில் எல்லாம் சரியாகிவிடுகிறது. அந்த ஆட்டக்காரர்கள் எந்தச் சாதி, ஊருக்குள் அவர்களுக்குத் தண்ணீர் எதில் கொடுப்பார்கள், திருவிழா இல்லாத ஆறு மாதம் என்ன சாப்பிடுவார்கள் — ஒரு சொல்லும் கிடையாது. கவுண்டமணி - செந்தில் வாழைப்பழம் எல்லார் வாயிலும் இருக்கிறது. ஆட்டமும் சிரிப்பும் போக மிச்சம் இருக்கிற இடத்தில் கதை ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது.

என் சித்தப்பா மகள் ஒருத்தி கரகம் ஆடியவள். அவளிடம் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். "அந்தப் படம் வந்தப்புறம் எங்களுக்கு நெறையா கூப்பாடு வந்துச்சுண்ணா. சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா போற எடமெல்லாம் படத்துப் பாட்டுக்குத்தான் ஆடச் சொன்னாங்க. நாங்க கத்துக்கிட்ட அடவு எவனுக்கும் வேணாம். அப்புறம் பாவாடைய ஏத்திக் கட்டச் சொன்னாங்க. அப்புறம் ரெண்டு அர்த்தத்துல பேசச் சொன்னாங்க. மாட்டேன்னா காசு இல்ல. தலையில கரகம் இருக்குதா இல்லியான்னு பாக்கறதுக்கு ஆளே இல்லண்ணா." பிறகு அவள் ஆடுவதை விட்டுவிட்டு நூறுநாள் வேலைக்குப் போகிறாள். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது.

இதற்கு ஒரு படத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. தில்லானா மோகனாம்பாள், 1968. அது கதை உள்ள படம், நல்ல படம். அதிலும் மோகனாவின் ஆட்டத்துக்கு மரியாதை. ஊர் ஊராக ஆடிப் பிழைக்கிற ஜில்ஜில் ரமாமணி சிரிப்புக்கு. மனோரமா தன் நடிப்பால் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு கண்ணீரும் வைத்தார். அது அந்தம்மா வைத்தது.

6

இனி எழுதப்போவது என் மேல் உள்ள கணக்கு.

1991, அம்பேத்கர் நூற்றாண்டு. எங்கள் தெருவிலும் மன்றம் வைத்தோம். 1927இல் மகாத்தில் அம்பேத்கர் தம் ஜனங்களிடம் செத்த மாட்டைத் தின்னாதே, இழிவான வேலையை விடு என்று பேசியதை வாசித்திருந்தோம். நாங்களும் தீர்மானம் போட்டோம். இனி ஊர்ச் சாவுக்கு மோளம் அடிப்பதில்லை. சாவுச் சேதி சொல்லப் போவதில்லை. தண்டோரா போடுவதில்லை. ஊர் பதிலுக்கு வேலை கொடுப்பதை நிறுத்தியது. வயலில் இறங்கக் கூடாது, கடையில் சாமான் இல்லை. நாலு மாதம் கேழ்வரகுக் கூழும் கடனும். அந்த நாலு மாதத்தைத் தாங்கியது எங்க தெருப் பெண்கள். அந்த மறுப்பு சரி என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் நாங்கள் இன்னொன்றும் செய்தோம். தெருவில் இருந்த பறைகளையெல்லாம் வாங்கி, முச்சந்தியில் குவித்துக் கொளுத்தினோம். எங்க வீட்டுப் பறையை இறக்கிக் கொண்டுபோனது நான். தாத்தாவுக்கு எண்பது வயசு இருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் தடுக்கவில்லை. "ஊருக்கு அடிக்காத, சரி. மோளம் இன்னாடா பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லாமல் போனேன். தீயில் போட்டதும் தோல் இறுகி, வெடிக்கும் முன்னால் ஒரு சத்தம் வந்தது. காய்ச்சும்போது வருகிற அதே சத்தம். கூட்டத்தில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இரண்டு வருஷத்தில் தாத்தா போய்விட்டார். அவர் சாவுக்கு அடிக்க எங்கள் தெருவில் பறை இல்லை.

அந்த 1990களிலேயே வேறு இடங்களில் நம் தோழர்கள் வேறு மாதிரி யோசித்திருந்தார்கள். மதுரையில் தலித் கலைவிழாக்கள் நடந்தன. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடினார்கள். சாவுக்கு அடிக்க மறுத்த பறையை விடுதலைக்கு அடிப்போம் என்றார்கள். அடிமைத்தனத்தை மறுப்பது வேறு, கருவியை மறுப்பது வேறு. எங்க தாத்தா திண்ணையில் உட்கார்ந்து ஒரே கேள்வியில் கேட்டுவிட்டதை நாங்கள் பத்து வருஷம் கூட்டம் போட்டுப் பேசித் தெரிந்துகொண்டோம்.

7

இன்றைக்குப் பறைக்கு மேடை இருக்கிறது. கல்லூரி விழாவில் பறை, கட்சி மாநாட்டில் பறை, கல்யாணத்தில் பறை, சினிமாப் பாட்டில் பறை. 2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்துக்குத் தமிழக அரசு தடை சொன்னது. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இதெல்லாம் சாதாரணமாக வந்தது இல்லை. சந்தோசப்பட வேண்டியதுதான். ஆனால் அகலமான திரையில் ஐம்பது பறை ஒரே நேரத்தில் இறங்கும்போது எனக்குச் சந்திரலேகா ஞாபகம் வந்துவிடுகிறது. ஆகாயத்திலிருந்து கேமரா பார்க்கிறது, பறைகள் புள்ளிகளாகத் தெரிகின்றன. அடிக்கிறவன் முகம் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் படம் வேறு வீட்டுக் கதைக்குத் திரும்பிப் போய்விடுகிறது. பறை உள்ளே வந்துவிட்டது. பறையடித்தவனின் கதை இன்னும் கொட்டகைக்கு வெளியேதான் நிற்கிறது.

ஆட்டத்தை வைத்துக்கொண்டே கதையைச் சொல்ல முடியாதா? முடியும். 2018இல் மாரி செல்வராஜ் எடுத்த பரியேறும் பெருமாளைப் பாருங்கள். பரியனின் அப்பா பெண் வேஷம் கட்டி ஆடுகிற கூத்துக்காரர். அந்த வேஷத்தில் நடித்த நெல்லை தங்கராசு, நிஜத்திலும் அதே ஆட்டம் ஆடிப் பிழைத்தவர், 2023இல் காலமானார். படத்தில் அவர் ஆடுகிற நேரம் கொஞ்சம்தான். முரசு இல்லை, நூறு பேர் இல்லை. ஆனால் மகனுக்காகக் கல்லூரிக்கு வந்த அந்த மனுசனின் வேட்டியை உருவி ஓட விடுகிறார்களே, அப்போது அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்த பிறகு, கரகம் ஆடுகிறவனையோ பெண் வேஷக்காரனையோ பார்த்து நம்மால் சும்மா கைதட்ட முடியாது. ஆட்டக்காரனுக்கு ஒரு வீடு உண்டு, மகன் உண்டு, மானம் உண்டு என்று அந்தப் படம் சொல்லிவிட்டது. சந்திரலேகாவுக்கு 70 வருஷம் கழித்து.

அதனால் தோழர்களே, பிரம்மாண்டம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஜனங்களுக்குக் கண் நிறைய பார்க்கப் பிடிக்கும். பகலெல்லாம் நாற்று நட்டுவிட்டு ராத்திரி மணலில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த முரசு நடனம் கொடுத்த சந்தோசத்தைப் பழிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஆட்டம் கதையை முழுங்கிவிட்டது என்று விமர்சகர்கள் எழுதுவார்கள். யாருடைய கதையை என்று நாம் சேர்த்துக் கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் கேமரா எடுக்கிற காலம் இது. ஐம்பது பறையை வரிசையாக நிறுத்துகிறவர்கள், அதில் ஒரு பறையையாவது அதைச் செய்தவன் வீட்டு வாசல் வரைக்கும் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

என் மகள் கல்லூரிக் கலைக்குழுவில் பறை கற்றுக்கொண்டாள். போன பொங்கலுக்குப் புதுப் பறை ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தாள். காய்ச்சுவதற்கு வைக்கோல் கேட்டாள். தாத்தா செய்தது போலக் காதை ஒட்டி வைத்துக் கேட்கச் சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் அவளைத் திண்ணையில் உட்கார வைத்து, நான் கொளுத்திய பறையைப் பற்றிச் சொன்னேன். சுண்ணாம்பில் ஊறிய தோல், கையில் இருந்த நாற்றம், ஆயா உருட்டிக் கொடுத்த சோறு, எட்டணா, தரை டிக்கெட் எல்லாம் சொன்னேன். கடைசியாகச் சந்திரலேகாவில் அந்த ஆட்டத்தை எடுத்துக் காட்டினேன். கண் கொட்டாமல் பார்த்தாள். முடிந்ததும், "செமையா இருக்குப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே கேட்டாள்:

"இதெல்லாம் யாருப்பா செஞ்சிருப்பாங்க?"